கிதாருக்குக் காது மாற்றலாமா?

திருச்சிராப்பள்ளியிலிருந்து ஓர் அம்மையார் நமக்கு நான்கு பக்கங்களில் ஒரு கடிதம் விடுத்திருக்கிறார். சங்கீதத்தைப் பற்றி இப்பகுதியில் நாம் அவ்வப்போது எழுதி வருவதால், தம் வீட்டில் எழுந்துள்ள ஒரு வழக்கையும் நாமே தீர்த்துவைக்க வேண்டும் என்பது அவருடைய கட்டளை. விஷயம் இதுதான்: அவருடைய குமாரர் வேலைக்குச் சேர்ந்து, முதல் ஆறு மாதச் சம்பளத்தில் மிச்சம் பிடித்து, ரூ.20,000 கொடுத்து ஒரு மின்சாரக் கிதார் வாங்கினார். வாங்கி ஓராண்டு நிறையவில்லை. இப்பொழுது அதில் உள்ள ‘பிக்கப்’ இரண்டையும் கழற்றிவிட்டு, அமெரிக்காவிலிருந்து வரும் வேறு இரண்டை ரூ.16,000 கொடுத்து வாங்கிப் பொருத்தப் போவதாகச் சொல்கிறாராம். “பணம் அவன் சம்பாதித்தது, அதைப் பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால், இன்றைக்கு உறுப்பை மாற்றுகிறவன் நாளைக்கு வாத்தியத்தையே மாற்றுவான். வாசிக்கக் கற்றுக்கொள்வது எப்பொழுது? இது அவசியந்தானா, வெறும் மோகமா என்று தாங்கள் சொல்ல வேண்டும். தங்கள் சொல்லுக்கு இருவரும் கட்டுப்படுவதாக ஒப்புக்கொண்டிருக்கிறோம்” என்று எழுதுகிறார்.

கடிதத்தின் அடியில் குமாரரும் தமது கட்சியை அரைப் பக்கத்தில் எழுதியிருக்கிறார். அவர் கூறும் காரணங்கள் மூன்று. கழுத்துப் பக்கத்துப் பிக்கப்பில் வாசித்தால் மந்தரத் தந்திகளின் நாதம் சேற்றில் புதைந்தது போல் இருக்கிறது. தந்தியைத் தொட்டுக்கொண்டிருக்கும் வரையில் சும்மா இருக்கும் வாத்தியம், கையை எடுத்தவுடன் வண்டு போல் இரைகிறது. மூன்றாவதாக, அவருடன் சேர்ந்து வாசிக்கும் நண்பர்கள் எல்லோரும் மாற்றிவிட்டார்கள். போகிற போக்கில் இன்னொன்றும் சொல்லியிருக்கிறார்: தந்திகள் வாங்கிய நாளில் இருந்தவையே, ஒன்று அறுந்தபோது அதை மட்டும் மாற்றினாராம். இந்தக் கடைசி வாக்கியத்தைப் படித்ததும் நாம் சிரித்துவிட்டோம். ஏன் என்பதைப் பின்னால் சொல்லுகிறோம்.

சிக்கனத்தில் நமக்குப் பற்று உண்டு என்பது நேயர்கள் அறிந்ததே. “வேண்டாம், பணத்தைச் சேர்த்து வை” என்று ஒரே வரியில் தீர்ப்புக் கூறிவிட்டால் அம்மையார் மகிழ்வார். ஆனால் அது நியாயமாகாது. வாத்தியத்தின் குறையை உணரும் காது வாசிக்கிறவனுக்குத்தான் உண்டு. அந்தக் காதை அலட்சியம் செய்யலாகாது. ஆகையால் முதலில் இந்தப் பிக்கப் என்பது என்ன என்று பார்ப்போம்.

நமது வீணையும் தம்பூராவும் தந்தியின் அதிர்ச்சியைக் குடத்திற்குக் கொடுத்து, குடத்திலுள்ள காற்றை அதிரச் செய்து பேசுகின்றன. மின்சாரக் கிதாருக்குப் பெரும்பாலும் குடமே கிடையாது. கட்டை வெறும் கட்டை. தந்திகளுக்கு அடியில், சிறிய சோப்புக்கட்டி அளவில் ஒரு பெட்டி இருக்கிறது. அதற்குள்ளே ஒரு காந்தம். காந்தத்தோடு சேர்ந்து, தலைமயிரைப் போன்ற மெல்லிய செப்புக் கம்பியில் பல ஆயிரம் சுற்றுகள். மேலே எஃகுத் தந்தி அதிரும்போது காந்தத்தின் புலம் கலைகிறது. கலையும்போது கம்பிச் சுருளில் சிறிது மின்சாரம் பிறக்கிறது. 1831-ஆம் ஆண்டில் மைக்கேல் பாரடே கண்டறிந்த தத்துவந்தான் இது. அந்தச் சிறிய மின்சாரத்தைப் பெருக்கி ஒலிபெருக்கிக்கு அனுப்பினால் கச்சேரி! வாத்தியத்தின் காது என்று இந்தப் பெட்டியைச் சொல்லலாம். ஆனால் விசித்திரமான காது. இதற்கு நரம்புத் தந்தியும் நைலான் தந்தியும் கேட்கவே கேட்காது. எஃகும் நிக்கலும் பேசினால்தான் கேட்கும்.

இதில் மாயம் ஒன்றும் இல்லை. நமது ஊர்களில் மின்விசிறிக்கும் கிணற்று மோட்டாருக்கும் காயில் கட்டுகிற தொழிலாளர்கள் இருக்கிறார்களே, அவர்கள் ஒரு பிக்கப்பைப் பிரித்துப் பார்த்தால், “இது நம்முடைய வேலைதான், கம்பிதான் மிகவும் மெல்லிது” என்பார்கள். விலையைக் கண்டு மலைக்கும் அம்மையார் இதை நினைவில் வைத்துக்கொள்ளலாம். அந்த ரூ.16,000-த்தில் செம்பின் விலை சொற்பம். கப்பற்கூலியும் சுங்கமும் பெயரும் சேர்ந்ததே மிச்சமெல்லாம்.

அந்தப் பெயர் எப்படி உண்டாயிற்று என்பது ஒரு வேடிக்கையான கதை.

அமெரிக்காவில் நடன மண்டபங்களில் ஊதுகுழல்களுக்கு நடுவே கிதாரின் குரல் எடுபடாமற் போன காலத்தில், லாஸ் ஏஞ்சல்ஸ் நகரத்தில் ஜார்ஜ் பீச்சம் என்பவர் குதிரைலாட வடிவான காந்தங்களை வைத்து ஒரு பிக்கப்பை உருவாக்கினார். அடால்ப் ரிக்கன்பாக்கர் என்பவருடன் சேர்ந்து அதை 1932-இல் விற்பனைக்குக் கொண்டுவந்தார். உருவத்தைப் பார்த்தவர்கள் அந்த வாத்தியத்துக்கு ‘வாணலி’ என்று பெயர் வைத்துவிட்டார்கள்! 1937-இல் காப்புரிமை கிடைத்தது. குரல் பெரிதாயிற்று, ஆனால் கூடவே ஒரு தொல்லையும் வந்தது. கம்பிச் சுருள் தந்தியை மட்டுமா கேட்கிறது? வீட்டு மின்சாரத்தின் முனகலையும் கேட்கிறது. கிப்சன் கம்பெனியில் வேலை பார்த்த ஸெத் லவர் என்ற பொறியாளர் இதற்கு ஒரு யுக்தி கண்டார். ஒரு சுருளுக்குப் பதிலாக இரண்டு, ஒன்றின் காந்தமுனை வடக்கு, மற்றதன் முனை தெற்கு, இணைப்பும் எதிரெதிர். வெளியிலிருந்து வரும் முனகல் இரண்டிலும் புகுந்து ஒன்றையொன்று அடித்துக்கொண்டு மாய்கிறது. தந்தியின் நாதமோ ஒன்றோடொன்று கூடி வலுக்கிறது. 1955-இல் காப்புரிமைக்கு மனுச் செய்தார், 1959-இல் கிடைத்தது. இடைக்காலத்தில் அந்தப் பிக்கப்புகளின் அடியில் ‘காப்புரிமைக்கு மனுச் செய்யப்பட்டுள்ளது’ என்று ஒரு துண்டுச் சீட்டு ஒட்டப்பட்டிருந்தது. அந்தச் சீட்டு உள்ள பழைய பிக்கப்புக்கு இன்று கொள்ளை விலை.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. அந்தப் பிக்கப்புகள் ஒன்றைப் போல் ஒன்று இல்லை. கையில் கிடைத்த காந்தத்தை வைத்தார்கள். சுற்றுகளின் எண்ணிக்கையும் கூடும், குறையும். ஒன்று தெளிவாகப் பாடும். இன்னொன்று சற்று முரடாகப் பாடும். ஆலையின் அசட்டையால் விளைந்த அந்த வேற்றுமைகளை அளந்து, எழுதி, நகல் எடுத்து விற்பதே இன்று ஒரு பெரிய வர்த்தகம். அதாவது, ‘ஆலையில் பொருத்தி வந்த பிக்கப் ஆகாது’ என்று கழற்றி எறிகிற இளைஞர், அதற்குப் பதிலாகப் பெரும்பாலும் வாங்குவது எது தெரியுமா? ஏறத்தாழ எழுபது வருஷங்களுக்கு முன் இன்னோர் ஆலையில் பொருத்தி வந்த பிக்கப்பின் நகல்!

கலிபோர்னியாவில் பெண்டர் கம்பெனியிலும் இதே கதைதான். அங்கே 1956-இல் வேலைக்குச் சேர்ந்த அபிகெயில் இபாரா என்ற மாதரசி, 2013-இல் ஓய்வு பெறும் வரையில் பிக்கப் சுற்றினார். ஆலைச் சம்பளத்துக்கு அவர் சுற்றிய சுருள்களை வித்வான்கள் பிற்காலத்தில் தேடித் தேடி வாங்கினார்கள். ஆலைச் சரக்கு என்ற காரணத்துக்காக ஒரு பொருளை மட்டமாக எண்ணுவது அறியாமை என்பதற்கு இந்த அம்மையாரின் கைகளே சாட்சி.

மாற்றுப் பிக்கப் என்பதைத் தனிச் சரக்காகப் பெருவாரியாக விற்கும் வழக்கம் 1972-இல் தொடங்கிற்று என்று சொல்லலாம். அவ்வாண்டில் லாரி டிமார்ஸியோ என்பவர் வலுவான காந்தத்துடன் ஒரு பிக்கப்பைச் செய்தார். பெருக்கிக் கருவியை வேண்டுமென்றே திணறவைத்து முழங்கச் செய்ய விரும்பியவர்களுக்கு அது உகந்ததாக இருந்தது. 1976-இல் ஸீமர் டங்கனின் கம்பெனி ஏற்பட்டது. அதன்பிறகு கேட்பானேன்! கடையில் நூறு வகை; ஒவ்வொன்றுக்கும் ஒரு வர்ணனை.

அப்படியானால் மாற்றுவதெல்லாம் மோகந்தானா? அல்ல. பிரையன் மே என்ற ஆங்கிலேய வித்வானின் கதையைக் கேளுங்கள். பள்ளிச் சிறுவராக இருந்தபோது, 1963-இல், தம் தகப்பனாருடன் சேர்ந்து வீட்டிலேயே ஒரு கிதார் செய்யத் தொடங்கினார். கடையில் விற்ற கிதாரை வாங்க வசதி இல்லை. பழைய கணப்பு அடுப்பின் மேற்சட்டத்து மரம் கழுத்தாயிற்று. மோட்டார் சைக்கிளின் வால்வு ஸ்பிரிங் உள்ளே போயிற்று. தாயாரின் தையற்பெட்டியிலிருந்த முத்துச்சிப்பிப் பொத்தான்கள் புள்ளிக் குறிகளாயின. பிக்கப்பையும் பொத்தான் அளவான காந்தங்களை வாங்கித் தாமே சுற்றினார். நாதம் நன்றாகவே இருந்தது. ஆனால் தந்தியைப் பக்கவாட்டில் இழுத்து வளைத்து வாசிக்கும்போது மட்டும் தந்தி ஒரு காந்தமுனையிலிருந்து அடுத்த முனைக்குத் தாவி, அசங்கதமான ஒலி எழுந்தது. இழுத்து வளைக்காமல் அவருக்குப் பாட்டே இல்லை. ஆகவே தாம் சுற்றிய பிக்கப்பைக் கழற்றிவிட்டு, பர்ன்ஸ் கம்பெனியின் பிக்கப் மூன்றை வாங்கி வைத்தார். அன்று வைத்தவைதாம். குவீன் என்ற குழுவில் உலகமெங்கும் வாசித்ததும், 2002-இல் பக்கிங்காம் அரண்மனையின் கூரைமேல் நின்று வாசித்ததும் அந்தக் கிதாரில்தான்.

அவர் மாற்றினார், ஆனால் எந்த இடத்தில், என்ன செய்யும்போது, எதனால் பிசகுகிறது என்று அவருக்குத் தெரிந்திருந்தது. நமது மாண்டலின் உ. ஸ்ரீநிவாஸ் செய்ததும் இத்தகையதே. சாதாரண மாண்டலினில் மீட்டிய நாதம் உடனே அவிந்துவிடும். கமகத்துக்கு நாதம் நின்று ஒலிக்க வேண்டும். ஆகவே மின்சார மாண்டலினைக் கையில் எடுத்தார். இரட்டைத் தந்திகளை விலக்கி ஒற்றைத் தந்திகளை வைத்துக்கொண்டார். ராகம் கேட்டது, வாத்தியம் மாறிற்று.

இந்த உரைகல்லில் நமது திருச்சி இளைஞரின் காரணங்களை உரைத்துப் பார்ப்போம்.

முதலாவது, சேறு. இங்கேதான் நாம் சிரித்த இடம் வருகிறது. ஓராண்டுத் தந்தி! வியர்வையும் அழுக்கும் ஏறிய தந்தியில் மேல் அனுஸ்வரங்கள் எழாமலே செத்துப்போகும். முறுக்குத் தந்திகளில் இது இன்னும் அதிகம். தந்தி எழுப்பாத ஒலியை எந்த நாட்டுக் காதுதான் கேட்கும்? ஆறு தந்திகளையும் ஒரே நாளில் மாற்றிவிட்டுப் பிறகு பேச வேண்டும்.

அதன்பின்னும் சேறு நீங்காவிட்டால், திருப்புளியை எடுக்கலாம். பிக்கப்பின் இரு பக்கத்திலும் உயரத்தைக் கூட்டவும் குறைக்கவும் திருகாணிகள் உண்டு. இவற்றைத் தொடாமலே ஆண்டுக்கணக்கில் வாசிப்பவர்கள் அநேகர். தம்பூராவின் குதிரைமேல் தந்திக்கு அடியில் பருத்தி நூலை வைத்து ஜீவாளி பிடிக்கிறோமே, அந்த நூல் அணுவளவு நகர்ந்தால் தம்பூராவே வேறாகிவிடவில்லையா? அதுபோலத்தான் இதுவும். கடைசி மெட்டில் தந்தியை அழுத்திப் பிடித்துக்கொண்டு, தந்திக்கும் பிக்கப்புக்கும் உள்ள இடைவெளியை அளக்க வேண்டும். மந்தரத் தந்தியின் பக்கம் சுமார் 2.5 மில்லிமீட்டர், தாரத் தந்தியின் பக்கம் சுமார் 2 மில்லிமீட்டர் என்று தொடங்கலாம். கழுத்துப் பக்கத்துப் பிக்கப்பில் மந்தர முனையை இன்னும் இறக்கலாம். அங்கே தந்தி விரிந்து அசைவதால் ஒலி தானாகவே தடித்திருக்கும். பிறகு கால் சுற்று, கால் சுற்றாகத் திருப்பி, ஒவ்வொரு முறையும் வாசித்துக் கேட்க வேண்டும். உடலை இறக்கிவிட்டு, தந்திக்கு நேரே தெரியும் சிறு திருகாணிகளை மட்டும் சற்று உயர்த்தினால் தெளிவு கூடுவதும் உண்டு. காந்தம் தந்திக்கு மிக அருகில் இருந்தால் அது தந்தியைப் பிடித்திழுக்கும், சுருதி கலங்கும், நாதமும் சீக்கிரம் அடங்கும். பலர் ‘மட்டமான பிக்கப்’ என்று வையும் குற்றம் பல சமயங்களில் இந்த ஒரு மில்லிமீட்டர்தான்.

இதற்கும் மசியாவிட்டால், உள்ளே ஒலியைக் கூட்டிக் குறைக்கும் குமிழின் தடை எவ்வளவு என்று ஒரு மீட்டரை வைத்துப் பார்க்கச் சொல்ல வேண்டும். இரட்டைச் சுருள் பிக்கப்புக்கு 500 கிலோ ஓம் வைப்பது வழக்கம். 250 இருந்தால் மேல் ஒலிகள் மங்கும். குமிழின் விலை பிக்கப்பின் விலையில் மிகச் சிறிய பங்கு. நீண்ட கேபிளும் இதே மங்கலைச் செய்யும். நண்பரிடம் குட்டையான நல்ல கேபிள் ஒன்றை இரவல் வாங்கிப் பார்ப்பதற்குச் செலவே இல்லை.

இரண்டாவது காரணமான இரைச்சலில் ஒரு நல்ல தடயம் இருக்கிறது. கை வைத்தால் அடங்குகிறது, எடுத்தால் எழுகிறது என்கிறார். அவரிடம் இருப்பவை இரட்டைச் சுருள் பிக்கப்புகள். மின்சார முனகலை அடக்கவே பிறந்தவை. தொட்டால் அடங்கும் இரைச்சல், உள்ளே ஓடும் கம்பிகளின் வழியாகப் புகும் வேறோர் இரைச்சல். பள்ளங்களின் உட்புறத்தில் செப்புத் தகடு ஒட்டி அதை நிலக்கம்பியோடு சேர்த்தால் பெரும்பாலும் தணியும். ரூ.16,000 பிக்கப் வந்தாலும் இந்த வண்டு அங்கேயே இருக்கும்.

இதைவிட முக்கியமான ஒன்றை அம்மையாரிடமே ஒப்புவிக்கிறோம். வீட்டுச் சுவரில் உள்ள மூன்றாவது துளைக்கு மெய்யாகவே எர்த் இருக்கிறதா என்று எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டுப் பார்க்கச் சொல்ல வேண்டும். பழைய வீடுகள் பலவற்றில் துளை இருக்கும், உள்ளே கம்பி இராது. எர்த் இல்லாவிட்டால் இரைச்சல் வருவது ஒருபுறம் இருக்கட்டும். பெருக்கிக் கருவியில் கோளாறு ஏற்பட்டால் மின்சாரம் தந்தி வழியே வாசிக்கிறவர் கைக்கு வந்துவிடும். சங்கீதம் பிறகு, உயிர் முதலில். இது நாளைக்கே நடக்க வேண்டிய காரியம்.

மூன்றாவது காரணத்தைப் பற்றி என்ன சொல்ல! எல்லோரும் மாற்றினார்கள் என்பது நண்பர்களைப் பற்றிய செய்தியே தவிர வாத்தியத்தைப் பற்றிய செய்தி அல்ல. ஆனால் இளைஞர்மேல் நமக்குக் கோபம் இல்லை. குழுவில் தம் வாத்தியம் மட்டும் மங்கலாகக் கேட்கும்போது மனத்தில் உண்டாகும் வேதனையை அரங்கில் நின்றவர்களே அறிவார்கள். அந்த வேதனைக்கு மருந்து கடையில் இருக்கிறது என்று யாராவது சொன்னால் நம்பத்தான் தோன்றும்.

ஆகவே நமது தீர்ப்பு: இன்றைக்கு மாற்ற வேண்டாம். மேலே சொன்னவற்றைச் செய்துவிட்டு மூன்று மாதங்கள் வாசிக்கட்டும். அதன்பிறகும், ‘இந்த மெட்டில், இந்தப் பிரயோகத்தில், இன்ன குறை’ என்று விரல் வைத்துக் காட்ட முடிந்தால், அல்லது சத்தத்தைக் கூட்டும்போது பிக்கப்பே வீறிட்டு அலறினால், அல்லது சுருள் அறுந்து ஊமையாகிவிட்டால், தாராளமாக மாற்றட்டும். அம்மையாரும் தடை சொல்லலாகாது. அப்பொழுதும் இரண்டையும் அல்ல. குறை கழுத்துப் பக்கத்துப் பிக்கப்பில் என்றால் அதை மட்டும். செலவும் பாதியாயிற்று. வாங்குமுன் தன் பெட்டியின் அளவையும், காந்தத் திருகாணிகளின் இடைவெளியையும் அளந்துகொள்ள வேண்டும். கழுத்துப் பக்கத்துக்கு 50 மில்லிமீட்டர் அளவிலும், குதிரைப் பக்கத்துக்குச் சற்று அகலமாகவும் வருவன உண்டு. இணைப்பைப் பிரிக்குமுன் ஒரு படம் எடுத்துக்கொள்வது புத்திசாலித்தனம். எந்த நிறக் கம்பி எங்கே போயிற்று என்பது அரை மணி நேரத்தில் மறந்துபோகும். கழற்றிய பிக்கப்பை எறியாமல் அம்மையாரின் பெட்டியில் போட்டுவைக்க வேண்டும். பிற்காலத்தில் கிதாரை விற்க நேர்ந்தால் வாங்குகிறவர் முதலில் கேட்பது அதைத்தான்.

வழக்குச் செலவாக, புதிய தந்திகள் ஆறின் விலையை அம்மையாரே கொடுக்க வேண்டியது.